மீன் வளர்ப்பும் மூலிகைத் தீவனமும்

சென்னை நகரத்தின் தென்பாகத்தில், கிண்டிக்கு அடுத்தாற்போல், ஈக்காட்டுத்தாங்கல் என்றொரு பகுதி இருக்கிறது. இன்று அங்கே செல்வோர் காண்பவை தொழிற்சாலைகளும், கண்ணாடி மாளிகைகளும், தலைக்கு மேலே ஓடும் மெட்ரோ ரயிலுமேயாம். தாங்கல் எங்கே என்று வினவினால் காட்டுவார் எவருமிலர். தொண்டை நாட்டில் மழைநீரைத் தேக்கி நிறுத்தி வயலுக்கு விடும் சிறு ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். பழவந்தாங்கலும் அவ்விதம் வந்த பெயரே. மாம்பலத்து நெடிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகரமாயிற்று. ஈக்காட்டுத்தாங்கலிலோ நீர் போயிற்று. பெயர் மட்டும் நின்றது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடையாறு கரைபுரண்டு அவ்வூர் வீதிகளிற் புகுந்தபோதுதான், இது நீர் தங்கிய பூமி என்பது நம்மவர்க்கு மறுபடியும் ஞாபகம் வந்தது.

நீர்நிலை இருந்த இடத்தில் மீனும் இருந்தது. ஏரிகளையும் குளங்களையும் மீன்பாசிக் குத்தகைக்கு விடும் வழக்கம் நாட்டுப்புறத்தில் இன்றும் உண்டு. நகரத்தார்க்கோ தம் ஊர் ஏரி மீன் என்பது பழங்கதையாகிவிட்டது. சைதாப்பேட்டைச் சந்தையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து வெட்டித் தரப்படும் கட்லாவும் ரோகுவும் பெரும்பாலும் ஆந்திர தேசத்துப் பண்ணைக் குளங்களில் வளர்ந்தவை. மீன் தானாக வளர்ந்த காலம் போய், தீவனமிட்டு வளர்க்கப்படும் காலம் வந்திருக்கிறது. ஆதலின் மீன் எதைத் தின்று வளர்கிறது என்பது பண்ணைக்காரருடைய விஷயம் மட்டுமன்று. அதை உண்போர் யாவருடைய விஷயமுமாகும். அத்தீவனத்தில் மூலிகை சேர்ப்பதைப் பற்றி இக்காலத்தில் மிகுதியாகப் பேசப்படுகிறது. அப்பேச்சில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை நிதானமாக ஆராய்வதே இங்கு நமது நோக்கம்.

பெருக்கமும் நோயும்

சென்னை ராஜதானியில் ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் முயற்சியால் 1907-ஆம் வருஷத்திலேயே மீன் இலாகா ஏற்பட்டது. ஆயினும் குளத்து மீன் வளர்ப்பு பெருந்தொழிலானது சுதந்திரத்துக்குப் பிறகே. 1957-ஆம் வருஷம் ஜூலை மாதம் 10-ந் தேதி ஒரிஸாவில் அங்குல் என்னும் ஊரில், ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி, மீனின் மூளைக்கடியிலுள்ள சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் ஏற்றி, கெண்டை இன மீன்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அதுவரை ஆற்று வெள்ளத்தில் குஞ்சு பிடித்து வந்து குளத்தில் விட்ட குடியானவர்க்கு, வேண்டிய போது வேண்டிய இனத்துக் குஞ்சு கிடைக்கலாயிற்று. குஞ்சு பெருகவே, ஒரே குளத்தில் நெருக்கி வளர்க்கும் முறையும் பெருகியது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் இட்டு வளர்த்தது போக, ஆலைகளில் குருணையாகச் செய்த தீவனம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கலாயிற்று.

நெருக்கம் மிகுந்த இடத்தில் நோய் வந்தால் அது நிற்பதில்லை. மனிதர் கூடும் சந்தைக்கு உள்ள நியாயம் மீன் கூடும் குளத்துக்கும் உண்டு. 1988-ஆம் வருஷத்தில் வடகிழக்கு மாகாணங்களில் மீன்களின் உடலெங்கும் புண் தோன்றும் நோய் புகுந்து, பின்னர் தேசத்தின் பிற பாகங்களுக்கும் பரவிற்று. 1994, 1995-ஆம் வருஷங்களில் வெண்புள்ளி நோய் கிழக்குக் கரையோரத்து இறால் பண்ணைகளைப் பற்றியது. அந்நோய் கண்ட குளத்தில் சில நாட்களுக்குள்ளே இறால் அவ்வளவும் மடிந்துபோவதுண்டு. கடன் வாங்கி முதல் போட்டவன் காலையில் குளக்கரைக்குச் சென்று, கரையோரம் ஒதுங்கிய இறால்களை வாரிப் புதைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். பட்ட கடனோ புதைவதில்லை.

இத்தகைய பயத்தினின்றே மருந்துப் பழக்கம் பிறந்தது. மனிதருக்கு நோய் தீர்க்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தீவனத்திற் கலந்து, நோய் வருமுன்னரே இட்டு வைக்கும் வழக்கம் மீன், கோழி, பன்றி வளர்ப்போரிடையே உலகெங்கும் பரவிற்று. வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது; வைரஸை ஆன்டிபயாட்டிக் மருந்து ஒன்றும் செய்யாது. எனினும் பயந்தவன் எதையும் கொட்டுவான். கொட்டிய மருந்து மீனின் வயிற்றோடு நிற்கிறதா? குளத்து நீரிலும் சேற்றிலும் கலக்கிறது. அங்குள்ள கிருமிகள் அம்மருந்துக்குப் பழகிக் கொள்கின்றன. அவ்விதம் பழகிய கிருமி நாளை மனிதனைப் பற்றுமானால், வைத்தியர் கையில் உள்ள மருந்து வெறும் நீராகிவிடும்.

இது வீண் அச்சமன்று. கோலிஸ்டின் என்பது வேறெம்மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து. அம்மருந்தை எதிர்த்து நிற்கும் தன்மை ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குத் தாவக்கூடும் என்பதை 2015-ஆம் வருஷத்தில் சீன விஞ்ஞானிகள் பன்றிப் பண்ணைகளில் கண்டு உலகுக்கு அறிவித்தனர். நம் சர்க்கார் 2019-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும், கோழி, மீன் பண்ணைகளுக்கும், தீவனச் சேர்க்கைகளுக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தனர். இவ்வபாயத்தை முன்னரே உணர்ந்து, 2012-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நமது சென்னை நகரிலேயே தேசத்தின் வைத்திய சங்கங்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. அது சென்னைப் பிரகடனம் என்றே பெயர் பெற்றது.

வர்த்தகமும் இதே பாடத்தைக் கற்பித்தது. ஐரோப்பியக் கூட்டுறவு நாடுகள், பிராணிகளின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதை 2006-ஆம் வருஷம் ஜனவரி முதல் அறவே விலக்கின. 2016-ஆம் வருஷத்தில், நம் தேசத்துப் பண்ணை இறால் சரக்குகளில் நூற்றுக்குப் பத்தைச் சோதித்து வந்தவர்கள் நூற்றுக்கு ஐம்பதைச் சோதிக்கலாயினர். ஒருவன் செய்த தவற்றுக்கு, மருந்தே தொடாத மற்றொருவனுடைய சரக்கும் துறைமுகத்தில் காத்துக் கிடக்க நேர்கிறது.

சட்டம் எவ்வளவு தூரம்?

இறால் பண்ணைகளின் கேட்டினை நீதிமன்றம் வரை கொண்டு சென்றவர் காந்தியடிகளின் வழி நின்ற சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் என்பதை வாசகர்கள் அறிவார்கள். நாகப்பட்டினத்துக் கரையில் விளைநிலமும் குடிநீரும் உவர்ப்பாவதைக் கண்டு பொறாது அவர் தொடுத்த வழக்கில், 1996-ஆம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். அதன் பின்னர் 2005-ஆம் வருஷத்தில் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் பிறந்தது. அவ்வாணையத்தின் தலைமைக் காரியாலயம் சென்னையில் இருக்கிறது. பண்ணைகளில் உபயோகிக்கக் கூடாத ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் ஜாபிதா அவ்விதிகளிலேயே உண்டு. 2023-ஆம் வருஷத்தில் சட்டம் திருத்தவும் பெற்றது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டம் கடலோரத்து உப்பு நீருக்கும் உவர் நீருக்கும் உரியது. உள்நாட்டு நன்னீர்க் குளங்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஏற்றுமதியாகும் இறாலுக்கு இத்தனை காவல். நம் பிள்ளைகள் உண்ணும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் குளத்தங்கரையில் அத்தகைய காவல் இல்லை. அயலானுடைய தட்டுக்கு ஒரு நியாயம், நம்மவருடைய தட்டுக்கு வேறொரு நியாயமா?

சட்டம் மருந்தை விலக்கலாம். விலக்கியதன் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்குச் சட்டம் விடை தராது. மூலிகையின் பிரஸ்தாபம் இங்கேதான் எழுகின்றது.

மூலிகை செய்யும் வேலை

ஈக்காட்டுத்தாங்கலுக்கு அண்டையிலே கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1899-ஆம் வருஷத்தில் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையமாக அது தோன்றியது. அம்மை குத்திக் கொண்ட உடல் அந்நோயை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, மறுமுறை வருங்கால் எதிர்த்து நிற்கிறது. மீனுக்கும் இந்த ஞாபக சக்தி உண்டு. ஆனால் அது குளிர்ந்த ரத்தப் பிராணியாதலால், அச்சக்தி மெதுவாகவே வேலை செய்யும். இறாலுக்கோ, நமக்கிருப்பது போன்ற அத்தகைய ஏற்பாடே இல்லை. ஆகவே இவ்வுயிர்கள் பெரிதும் நம்பியிருப்பது, எந்தக் கிருமி வந்தாலும் வேற்றுமையின்றி விழுங்கியும் கரைத்தும் அழிக்கும் பிறவிக் காவலையேயாம். அக்காவலை நோய் வருமுன் உசுப்பி எழுப்பி வைக்க இயலுமா என்பதே மூலிகை ஆராய்ச்சியின் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் நம் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் முன் நின்றன என்பது நாம் பெருமையோடு சொல்லத்தக்கது. மதுரை லேடி டோக் கல்லூரியில் தினகரன் மைக்கேல் என்னும் பேராசிரியரும் அவருடைய மாணவியரும் பல வருஷங்கள் உழைத்து, துளசி, கரிசலாங்கண்ணி, தூதுவளை, சீந்தில் முதலியவற்றை மீனிடம் பரீட்சித்தனர். துளசியைப் பற்றிய ஆராய்ச்சி 2000-ஆம் வருஷத்திலும், கரிசலாங்கண்ணியைப் பற்றியது 2007-ஆம் வருஷத்திலும் அயல்நாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளில் வெளிவந்தன. அவர்கள் எடுத்துக்கொண்ட மீன், 1952-ஆம் வருஷத்தில் நம் தேசத்துக்குக் கொண்டு வரப்பெற்று, இன்று ஏரி, குட்டை, சாக்கடை எங்கும் காணப்படும் ஜிலேபிக் கெண்டையே.

கரிசலாங்கண்ணிப் பரீட்சையைச் சற்று விவரமாகச் சொல்லுவோம். மூலிகையைப் பற்றிய உண்மை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. இலையை நீரில் ஊறவைத்து எடுத்த சத்தை, தீவனத்தில் நூற்றுக்கு 0.01, 0.1, 1 என்ற மூன்று அளவுகளில் கலந்து, சில மீன்களுக்கு ஒரு வாரமும், சிலவற்றுக்கு இரண்டு வாரமும், சிலவற்றுக்கு மூன்று வாரமும் கொடுத்தனர். வேறு சில மீன்களுக்கு மூலிகையில்லாத தீவனமே இட்டனர். பிறகு எல்லாவற்றுக்கும் ஏரோமோனாஸ் என்னும் கொடிய கிருமியை ஊசியால் ஏற்றி, எத்தனை மடிந்தன, எத்தனை பிழைத்தன என்று எண்ணினர். மூலிகை தின்றவற்றில் சாவு குறைந்தது. அளவுகளில் நூற்றுக்கு ஒன்று என்பதே சிறந்ததாயிற்று.

இனி நாட்கணக்கைப் பாருங்கள். மூலிகை தின்னாத மீன்களில் 100 மடிந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு வாரம் தின்றவற்றில் 64 தப்பின. இரண்டு வாரம் தின்றவற்றில் 75 தப்பின. மூன்று வாரம் தின்றவற்றிலோ 32 மட்டுமே தப்பின. இரண்டு வாரத்தில் உச்சிக்கு ஏறிய காப்பு, மூன்றாம் வாரத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நீண்ட நாள் கொடுத்தால் மேலும் நன்மை என்று எண்ணுவோர்க்கு இது ஓர் எச்சரிக்கை. எந்நேரமும் உசுப்பப்படும் காவலாளி களைத்துப் போவது போலும்! எந்த மூலிகை என்று மட்டும் கேட்பவன் பாதிக் கேள்வியே கேட்கிறான். எவ்வளவு, எத்தனை நாள் என்பது மற்றப் பாதி. நம் சித்த வைத்தியர்கள் மருந்தின் பெயரோடு அளவையும், அனுபானத்தையும், பத்திய நாளையும் சேர்த்தே சொல்லி வந்ததன் காரணமும் இதுவேயாம்.

வடஆற்காட்டுப் பக்கத்து மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரியார் செய்த வேலையும் குறிப்பிடத்தக்கது. அவர்கள் இறாலின் வெண்புள்ளி நோய்க்கு எதிராக நம் நாட்டு மூலிகைகள் இருபதை ஒவ்வொன்றாகச் சோதித்து 2007-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். வில்வம், அருகு, உண்ணிச்செடி, பாகல், கீழாநெல்லி ஆகிய ஐந்தும் வைரஸுக்கு எதிரான குணம் காட்டின. இருபதில் பதினைந்து தேறவில்லை என்பதையும் நினைவில் இருத்த வேண்டும். பின்னர் 2008-ஆம் வருஷத்தில், அருகம்புல்லின் சத்தைத் தீவனத்தில் நூற்றுக்கு இரண்டு வீதம் கலந்து கொடுத்தபோது, வைரஸ் ஏற்றப்பெற்ற இறால்கள் மடியவில்லை என்று அறிவித்தனர். வயல் வரப்பில் கால் படும் புல்லுக்கு இத்தகைய சக்தி உண்டென்பது யாரையும் மகிழ்விக்கும். கன்னியாகுமரி ஜில்லாவில் ராஜாக்கமங்கலத்திலிருந்து மனோன்மணீயம் சுந்தரனார் சர்வகலாசாலையாரும் இத்துறையில் விடாது உழைத்திருக்கின்றனர்.

நோய் எதிர்ப்பு ஒருபுறமிருக்க, வளர்ச்சியின் பொருட்டும் மூலிகை சேர்க்கப்படுகிறது. மீன் வளர்ப்பில் செலவின் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. தின்றது செரித்து உடம்பில் ஒட்டினால் லாபம். செரியாமல் கழிந்தால் நஷ்டம் மட்டுமன்று, குளத்து நீரும் கெடும். பூண்டு, இஞ்சி, வெந்தயம், மஞ்சள் முதலியவை செரிமானத்தைத் தூண்டி, இட்ட தீவனம் வீணாகாமல் செய்யக்கூடும் என்று பல தேசங்களில் பரீட்சை செய்து பார்த்திருக்கின்றனர். அஞ்சறைப் பெட்டிக்கு உரிய இப்பொருள்களின் குணம் நம் வீட்டுப் பெண்டிர்க்குப் புதிதன்று. ஆயினும் எடை ஏறுவது வேறு, நோயை எதிர்ப்பது வேறு. ஒன்றுக்கு நல்லதென்று கண்டதை மற்றொன்றுக்கும் நல்லதென்று சொல்லி விற்பது முறையன்று.

மூலிகையென்றால் தீங்கில்லையா?

"மூலிகைதானே, கெடுதல் என்ன?" என்பது ஜனங்களிடையே வேரூன்றிய அபிப்பிராயம். மீன் விஷயத்தில் இதைவிடத் தவறான அபிப்பிராயம் இருக்க முடியாது. மீனைக் கொல்வதற்கு நம் முன்னோர் கையாண்டதும் மூலிகையையே! காக்காய்க்கொல்லி விதையை இடித்து நீரிற் கலந்து, மயங்கி மிதக்கும் மீனைக் கையால் பிடிப்பது பழைய வழக்கம். இன்றும் குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள விரால் முதலிய கொல்லி மீன்களை ஒழிப்பதற்கு இலுப்பைப் புண்ணாக்கை இடுகின்றனர். ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்தில் ஹெக்டேருக்கு 2500 கிலோ என்பது கணக்கு. அதிலுள்ள நுரைக்கும் பொருள் மீனின் ரத்த அணுக்களை உடைத்துக் கொன்றுவிடும். இரண்டு மூன்று வாரம் சென்று விஷம் முறிந்த பின்னரே குஞ்சு விட வேண்டும். வேப்பிலைச் சாறும் அளவு மிஞ்சினால் மீனுக்கு நஞ்சே. ஆகையால் பச்சையாய் இருப்பதெல்லாம் அமுதமன்று. எது மருந்து, எது விஷம் என்பதை அளவே தீர்மானிக்கிறது.

இவ்வுண்மையை மறைத்து, மூலிகை என்ற பெயரை மட்டும் முன்னிறுத்தி, வர்ணச் சீட்டு ஒட்டிய புட்டிகளை விற்போர் இருக்கின்றனர். உள்ளே என்ன செடி, அதன் வேரா இலையா, எவ்வளவு சத்து, எத்தனை நாள் கொடுப்பது என்று கேட்டால், "முழுதும் மூலிகை" என்பதே பதிலாக வருகிறது. சுதேசிச் சரக்கு என்ற பெருமை நமக்கும் உண்டு. ஆனால் நெய்த துணி நீரில் நனைந்ததும் கிழியுமானால், அது கையால் நெய்தது என்பதற்காக ஒருவன் எத்தனை தரம் வாங்குவான்? பரீட்சைக்கு அஞ்சாத சரக்கே தேசத்துக்குக் கௌரவம் தரும். பரீட்சையைத் தட்டிக் கழித்துத் தேசாபிமானத்தின் பின்னே ஒளிந்து கொள்ளும் சரக்கு, நேர்மையாய்ச் செய்யப்பட்ட சரக்கின் மீதும் அவநம்பிக்கையை உண்டாக்கும். தீவனச் சேர்க்கையில் ஆன்டிபயாட்டிக் கலக்கவில்லை என்று காட்டுவது ஒன்று. சொன்ன பலன் அதில் உண்டென்று காட்டுவது மற்றொன்று. வாங்குபவன் இரண்டையும் கேட்க உரிமையுடையவன்.

தொட்டிக்கும் குளத்துக்கும் உள்ள தூரம்

ஆராய்ச்சிசாலைத் தொட்டியில் பலித்தது குளத்தில் அப்படியே பலிக்கும் என்று எண்ணுவதும் பிழை. தொட்டியில் நீர் தினமும் கவனிக்கப்படுகிறது. ஒவ்வொரு மீனும் கணக்கில் இருக்கிறது. குளத்தில் வெயில், மழை, பாசி, சேறு, பக்கத்து வயலின் பூச்சிமருந்து எல்லாம் சேர்கின்றன. மேலும் ஆராய்ச்சியில் கொடுத்தது வடித்தெடுத்த சத்து. அரைத்த பச்சிலை அதற்கு ஈடாகாது; நிலத்துக்கு நிலம், பருவத்துக்குப் பருவம் இலையின் வீரியமும் மாறுபடும்.

செலவையும் கணக்குப் பார்ப்போம். ஒரு குளத்தில் 1000 கிலோ எடையுள்ள மீன் இருக்கிறதென்று கொள்வோம். நாள்தோறும் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு தீவனமிட்டால் 30 கிலோ ஆகிறது. 14 நாட்களுக்கு 420 கிலோ. இதில் நூற்றுக்கு ஒன்று வீதம் மூலிகைச் சத்து சேர்க்க 4.2 கிலோ போதும். அதையே விடாமல் ஆறு மாதம் இட்டால், மீனின் எடை ஏறவே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், பதின்மூன்று மடங்கு வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்குப் பின் காப்பு குறைகிறது என்ற மதுரைப் பரீட்சையை இத்துடன் சேர்த்துப் பார்த்தால், நோய் வரும் பருவத்துக்கு முன்னே சில நாள் கொடுத்து நிறுத்துவது புத்திசாலித்தனமா, வருஷம் முழுதும் கொட்டுவது புத்திசாலித்தனமா என்பது தெளிவாகும். ஆனால் புட்டி விற்பவர் எந்த வழியைச் சொல்லுவார் என்பதை நாம் எழுதத் தேவையில்லை.

அனைத்துக்கும் முதலாவது நீர். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து மூச்சுக்குத் தவிக்குமானால், அங்கே குறைந்தது பிராணவாயு; அதற்கு மூலிகை மருந்தன்று. நெருக்கத்தைக் குறைப்பதும், மிஞ்சிய தீவனம் அடியில் அழுகாமல் பார்ப்பதும், நோயற்ற குஞ்சை விடுவதும், குளத்தைக் காயவிட்டுச் சேறு அகற்றிச் சுண்ணாம்பிடுவதும் முதற் காவல். மூலிகை இரண்டாங் காவல். முதற் காவலைக் கைவிட்டவனை இரண்டாங் காவல் காப்பாற்றாது.

செய்யத்தக்கவை

இனி ஆகவேண்டியதைச் சொல்லுவோம். முதலாவதாக, கல்லூரிகளின் தொட்டிகளில் தேறிய மூலிகைகளைக் குடியானவரின் குளங்களில் பரீட்சிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் குளங்களில் ஒன்றுக்கு மூலிகை, மற்றொன்றுக்கு வெறுந் தீவனம் என இட்டு, எடை, சாவு, செலவு மூன்றையும் ஒரே கணக்கில் எழுதி வெளியிட வேண்டும். தோற்ற பரீட்சையையும் மறைக்கலாகாது. அடையாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, ராஜா அண்ணாமலைபுரத்தில், மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1987 முதல் நடந்து வருகிறது. 1997-ஆம் வருஷத்தில் கொடுவா மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்த நிலையம் அது. நம் நாட்டுப் பொருள்களைக் கொண்டு, வன்னாமி பிளஸ் என்னும் இறால் தீவனத்தையும் அந்நிலையத்தார் உருவாக்கிப் பண்ணைகளுக்கு அளித்தனர். ஆராய்ச்சியைக் குளத்தங்கரைக்குக் கொண்டு செல்ல நம்மவரால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. நாகப்பட்டினத்தில் மீன்வளத்துக்கென்றே சர்வகலாசாலை இருக்கிறது. இவர்களும் கல்லூரிகளும் ஒன்றுகூட வேண்டும்.

இரண்டாவதாக, மூலிகைச் சேர்க்கை விற்போர், செடியின் தமிழ்ப் பெயரையும் சாஸ்திரப் பெயரையும், எந்தப் பாகம் என்பதையும், சத்தின் அளவையும், கொடுக்கும் நாட்கணக்கையும் புட்டியின் மேல் அச்சிடும்படி சர்க்கார் விதிக்க வேண்டும். மூன்றாவதாக, ஆன்டிபயாட்டிக் மருந்தைப் பற்றிய காவல் உவர்நீரோடு நில்லாமல் நன்னீர்க் குளங்களுக்கும் வர வேண்டும். நான்காவதாக, நம் பேராசிரியர்களின் ஆராய்ச்சிகள் தமிழில் வர வேண்டும். அருகம்புல்லைப் பற்றி மேல்விஷாரத்தில் கண்ட உண்மையை, அருகம்புல் முளைத்த வரப்பின் மேல் நிற்கும் குடியானவன் படிக்க முடியவில்லையென்றால், அவ்வுண்மையால் அவனுக்கு என்ன பயன்? உண்மை எட்டாத இடத்திலேதான் புட்டி வியாபாரம் செழிக்கும்.

இவையெல்லாம் சர்க்கார் செய்யும் வரையில் பொதுஜன ஊழியர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிராமந்தோறும் ஏரி குளங்கள் மீன்பாசிக் குத்தகைக்கு விடப்படும் காலத்தில், ஆன்டிபயாட்டிக் மருந்து இடுவதில்லை என்ற ஒரு நிபந்தனையைக் குத்தகைப் பத்திரத்திற் சேர்க்கும்படி கேட்கலாம். குளத்தில் இட்ட தீவனம், மருந்து, மூலிகை அனைத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வைக்கும்படி குத்தகைதாரரைத் தூண்டலாம். அதிக செலவில்லாத இக்காரியங்களுக்கு வேண்டியது, ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேட்பதற்கு ஒருவர்.

ஈக்காட்டுத்தாங்கலை ஒட்டி ஓடும் அதே அடையாறுதான் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகே கடலைச் சேர்கிறது. தூர்ந்துபோன தாங்கலை நாம் மீட்க இயலாது. எஞ்சியுள்ள ஏரிகளையும் குளங்களையும், அவற்றில் வளரும் மீனையும், அம்மீனை உண்ணும் நம் மக்களையும் காப்பது நம் கையில் இருக்கிறது. மூலிகை நம்முடையது என்று சொல்வதோடு நின்றுவிடாமல், அதன் அளவையும் நாளையும் சோதித்து நிலைநாட்டும் பொறுப்பும் நம்முடையதே என்று தேசத்தார் உணர்வார்களாயின், கரிசலாங்கண்ணியும் அருகும் நோய்க்கு அஞ்சிக் கடனில் மூழ்கும் ஏழை மீன் வளர்ப்போர்க்கு உண்மையிலேயே துணையாகும். உணராவிடில், அவை இன்னுமொரு புட்டியின் மேல் ஒட்டிய படமாகவே நின்றுவிடும்.